இலேசான துப்பாக்கி ஏன் பலமாக உதைக்கிறது?

தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்தச் சந்தேகம் ஒருமுறையாவது வந்திருக்கும். கதாநாயகன் ஒற்றைக் கையால் சுடுகிறான், அவன் தோள்கூட அசைவதில்லை. குண்டு பட்ட அடியாளோ பத்தடி பின்னால் பறந்துபோய்க் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு விழுகிறான். சுட்டவனுக்கு ஒன்றும் ஆகாமல், சுடப்பட்டவன் மட்டும் இப்படிப் பறக்க முடியுமா?

முடியாது. ஏன் முடியாது என்பதைத் தெரிந்துகொள்ள, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு வீட்டுக்குப் போவோம். அங்கே 13 வயதுச் சிறுமி ஒருத்தி முதல் மான் வேட்டைக்குத் தயாராகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒல்லியான தேகம், 150 சென்டிமீட்டர் உயரம், 40 கிலோ எடை. அவளுக்கு எந்த ரைஃபிள் வாங்குவது? சித்தப்பா முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் சட்டென்று சொல்லும் பதில் ஒன்றுதான்: பிள்ளை சின்ன உருவம், அதனால் இருப்பதிலேயே இலேசான துப்பாக்கியாகப் பார்த்து வாங்குங்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே தோட்டாவைச் சுடும் துப்பாக்கிகளில் அதுதான் அவள் தோளை எல்லாவற்றையும்விட மோசமாகப் பதம் பார்க்கும்.

மேலே போவதற்கு முன் ஒரு வார்த்தை. இந்தியாவில் வேட்டை, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவின் நிலைமை வேறு. 1900 வாக்கில் அங்கே வெள்ளைவால் மான்கள் ஐந்து லட்சம் அளவுக்குக் குறைந்துபோயிருந்தன. கட்டுப்பாடுகள் வந்த பிறகு பெருகி, இன்று ஏறக்குறைய மூன்று கோடி. கிழக்கு மாநிலங்களில் ஓநாயும் பூமாவும் அநேகமாக மறைந்துவிட்டதால், மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பது பெரும்பாலும் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள்தான். ரைஃபிள் மீதும் தோட்டா மீதும் விதிக்கப்படும் 11 சதவீத வரி, 1937-இல் வந்த ஒரு சட்டத்தின்படி வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது. பென்சில்வேனியாவில் பயிற்சி வகுப்பை முடித்தால் 12 வயதிலேயே இளையோர் உரிமம் கிடைக்கும். பெரியவர் ஒருவர் உடன் போக வேண்டும். 2018 வரை, நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமைதான் அங்கே ரைஃபிள் பருவத்தின் முதல் நாள். அன்றைக்குப் பல பள்ளிகளில் விடுமுறையே விட்டுவிடுவார்கள். வேட்டை சரியா தவறா என்பது தனி விவாதம். இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது அந்தச் சிறுமியின் தோள் மட்டும்.

பரிசலிலிருந்து தாவினால்

ஒகேனக்கல்லில் பரிசலிலிருந்து கரைக்குத் தாவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நீங்கள் முன்னால் போக, பரிசல் பின்னால் நழுவும். அதே தாவலைப் பெரிய விசைப்படகிலிருந்து தாவினால் படகு அசைந்ததே தெரியாது. தாவியவர் ஒருவர்தான், தாவலும் ஒன்றுதான். எடை குறைந்தது வேகமாக நகர்கிறது, எடை கூடியது மெதுவாக நகர்கிறது.

ஒரு பொருளின் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பதை ‘உந்தம்’ என்கிறோம். முன்னால் எவ்வளவு உந்தம் போகிறதோ அவ்வளவும் பின்னால் திரும்பியாக வேண்டும். ரைஃபிளின் குழலிலிருந்து முன்னால் போவது குண்டு மட்டுமல்ல. வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுவும் போகிறது, அதுவும் குண்டைவிட வேகமாக. இந்த இரண்டுக்கும் ஈடாக ரைஃபிள் பின்னால் வருகிறது. அதற்குப் ‘பின்னுதை’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

சிறுமியின் வீட்டு அலமாரியில் தாத்தாவின் ரைஃபிள் ஒன்று இருக்கிறது. அது 30-06 என்ற தோட்டாவைச் சுடுவது. பெயரில் உள்ள 30, குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு என்பதைச் சொல்கிறது. 06 என்பது 1906-ஆம் ஆண்டு. இரண்டு உலகப் போர்களிலும் அமெரிக்கப் படை பயன்படுத்திய தோட்டா இது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் வேட்டைக்கும் இதையே விரும்பினார்கள். கடையில் கிடைக்கும் இன்னொன்று .243 வின்செஸ்டர். .308 என்ற தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அதன் கழுத்தை ஒடுக்கிச் சின்ன குண்டு பொருத்தி 1955-இல் விற்பனைக்கு விட்டார்கள்.

முதலில் தாத்தாவின் ரைஃபிள். குண்டின் எடை 11.7 கிராம், குழலை விட்டுப் புறப்படும் வேகம் நொடிக்கு சுமார் 820 மீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 9,600. வெடிமருந்து 3.6 கிராம், அதன் வாயு நொடிக்கு 1,200 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று கொண்டால் இன்னும் 4,300. ஆக 13,900. ரைஃபிளின் எடை 3.4 கிலோ, அதாவது 3,400 கிராம். 13,900-ஐ 3,400-ஆல் வகுத்தால் 4 சொச்சம். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ரைஃபிள் தோளை நோக்கி வருகிறது.

இப்போது .243. குண்டு 6.5 கிராம், வேகம் 900 மீட்டர், மருந்து 2.6 கிராம். இதே கணக்கில் மொத்தம் 9,000-க்குச் சற்றுக் குறைவு. அதே 3.4 கிலோ ரைஃபிளில் பின்னோக்கிய வேகம் நொடிக்கு 2.6 மீட்டர்.

நாலுக்கும் இரண்டரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றலாம். ஆனால் தோள் உணர்வது வெறும் வேகத்தை அல்ல. வந்து மோதும் பொருள் கொண்டுவரும் இயக்க ஆற்றலை அது உணர்கிறது, அந்த ஆற்றலோ வேகத்தின் இருமடிப்படி ஏறும். தாத்தாவின் ரைஃபிள் தோளில் கொட்டுவது 28 ஜூல். .243 கொட்டுவது 12 ஜூல். பாதிக்கும் குறைவு.

சித்தப்பா சொன்ன இலேசான துப்பாக்கிக்கு வருவோம். எடையை 3.4 கிலோவிலிருந்து 2.7 கிலோவாகக் குறைக்கிறோம், தோட்டா அதே 30-06. முன்னால் போகும் உந்தம் மாறவில்லை, அதை ஏற்கும் எடைதான் குறைந்திருக்கிறது. ரைஃபிளின் வேகம் நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டுகிறது. பின்னுதை 28 ஜூலிலிருந்து 36 ஆகிறது. அதே 2.7 கிலோவில் .243 என்றால் 15 ஜூல். ஆக, எடையில் எழுநூறு கிராமைக் குறைத்தால் உதை கால் பங்கு கூடுகிறது. தோட்டாவைச் சிறிதாக்கினால் பாதிக்கு மேல் குறைகிறது. சிறுமிக்காகச் சிறிதாக்க வேண்டியது தோட்டாவைத்தான். கடையில் எடை பார்த்து ரைஃபிள் வாங்குபவர்கள் தவறவிடுவது இதை.

தோள் அதை எப்படி வாங்கிக்கொள்கிறது

28 ஜூலை, தோளும் உடையும் சேர்ந்து 3 சென்டிமீட்டர் அமுங்கி நிறுத்துகின்றன என்று கொண்டால், அந்த நேரத்தில் தோளை அழுத்தும் சராசரி பாரம் ஏறக்குறைய 95 கிலோ எடைக்குச் சமம். .243-க்கு அது 40 கிலோ, சிறுமியின் சொந்த எடை. தோராயக் கணக்குதான், உடம்பும் சேர்ந்து பின்னால் சாய்வதால் உண்மையில் கொஞ்சம் குறையும். எல்லாம் நொடியின் நூறில் இரண்டு பங்குக்குள் முடிந்துவிடும்.

அமுங்கும் தூரம் கூடினால் பாரம் குறையும். தோளில் பதியும் அடிக்கட்டையின் முனையில் மெத்தென்ற ரப்பர் பட்டை வைப்பது இதற்காகத்தான். முனை அகலமாக இருப்பதும் அதே காரணத்தால்: அதே பாரம் அதிகப் பரப்பில் பரவுகிறது. மேற்கத்தியப் படங்களில் கௌபாய்கள் குதிரைமேல் வைத்திருக்கும் நெம்பு ரைஃபிளை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். 1894-இல் வந்த வின்செஸ்டரும் அதற்கடுத்த ஆண்டு வந்த 30-30 தோட்டாவும் அமெரிக்காவில் எத்தனையோ பிள்ளைகளுக்கு முதல் மான் துப்பாக்கியாக அமைந்தவை. கணக்குப்படி அதன் உதை மிதமானதுதான். ஆனால் பழைய மாதிரிகளில் அடிக்கட்டை முனை குறுகலான கெட்டித் தகடு. சுட்டவர்கள் கணக்கை நம்ப மாட்டார்கள்.

குண்டு போன பிறகுதான் உதை

குண்டு குழலின் 56 சென்டிமீட்டரைக் கடக்க ஆகும் நேரம், நொடியின் ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். .243 குண்டோடு ஒப்பிட்டால் ரைஃபிள் ஐந்நூறு மடங்கு கனம். அதனால் குண்டு வெளியேறும்போது ரைஃபிள் பின்னால் வந்திருப்பது ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். தோள் ‘ஐயோ’ என்பதற்குள் குண்டு மானைக் கடந்தேவிட்டிருக்கும்.

அப்படியானால் பின்னுதையால் குறி தவறக் கூடாதே? அது நேரடியாகக் குறியைக் கெடுப்பதில்லை. கெடுப்பது அதன் நினைவு. இரண்டு மூன்று முறை பலமாக வாங்கிய உடம்பு, அடுத்த முறை டிரிகரில் விரல் அழுந்தும்போதே தயாராகிவிடுகிறது: கண் மூடுகிறது, தோள் முன்னால் தள்ளுகிறது, கை குழலைக் கீழே அழுத்துகிறது. இதை ‘முன்நடுக்கம்’ எனலாம். சுடுபவருக்கே இது தெரியாது, வெடிச்சத்தமும் உதையும் அதை மறைத்துவிடும்.

கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பயிற்றுநர், சிறுமிக்குத் தெரியாமல், தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாப் போலித் தோட்டா ஒன்றைக் கலந்து வைப்பார். அவள் குறிபார்த்து விரலை அழுத்துவாள். ‘டிக்’ என்ற ஒலி மட்டும் வரும். முன்நடுக்கம் இருந்தால், வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் முனை கண்முன்னே குப்பென்று கீழே போகும்.

எவ்வளவு கீழே போனால் தவறு? ரைஃபிளின் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அதன் முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தால், 100 மீட்டர் தள்ளி நிற்கும் இலக்கில் குண்டு 10 சென்டிமீட்டர் தாழ்ந்து படும். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி 20 முதல் 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம். நடுவைக் குறிபார்த்தாலும் அந்த ஒரு மில்லிமீட்டர் குண்டை வட்டத்தின் விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். இன்னொரு அரை மில்லிமீட்டர் போனால் மான் காயத்தோடு காட்டுக்குள் ஓடும். வேட்டையில் இதைவிட மோசமான முடிவு கிடையாது.

மான் ஏன் பறப்பதில்லை

சின்ன குண்டு போதுமா என்ற கேள்வி இங்கே நியாயமாக எழும். பழைய வேட்டைக்காரர்கள் பலர் பெரிய தோட்டாவுக்கே கொடி பிடிப்பார்கள். அவர்களுடைய வாதத்தின் அடியில் சினிமாப் படிமம் ஒளிந்திருக்கிறது: பெரிய குண்டு விலங்கைத் தூக்கி அடிக்கும் என்று.

100 மீட்டரில் .243 குண்டின் வேகம் நொடிக்கு 800 மீட்டர் சொச்சமாகக் குறைந்திருக்கும். 70 கிலோ மானுக்குள் அது முழுவதுமாகத் தங்கிவிட்டால்கூட, மான் பெறும் வேகம் நொடிக்கு 7 அல்லது 8 சென்டிமீட்டர். 30-06 குண்டானால் 13 சென்டிமீட்டர் இருக்கலாம். இரண்டுமே ஆளைத் தள்ளும் வேகம் அல்ல. முன்னால் போன உந்தம்தானே மானை அடைகிறது? சுட்டவனைச் சாய்க்காத உந்தம் சுடப்பட்டவனை மட்டும் எப்படித் தூக்கி எறியும்? அடியாளைப் பறக்க விடுவது கயிறு கட்டி இழுக்கும் ஸ்டண்ட் மாஸ்டரின் வேலை.

உந்தம் சமமாகப் பிரிந்தாலும் ஆற்றல் அப்படிப் பிரிவதில்லை. .243-ஐச் சுடும்போது ரைஃபிளுக்குக் கிடைப்பது 12 ஜூல் என்றோம். குண்டுக்குக் கிடைப்பது 2,600 ஜூல், இருநூறு மடங்குக்கு மேல். மான் விழுவது அந்த ஆற்றலால் குண்டின் மென்மையான முனை விரிந்து, நுரையீரலையும் இரத்தக் குழாய்களையும் கிழிப்பதால். அதற்கு எவ்வளவு வேண்டும்? கொலராடோ மாநில விதியை அளவுகோலாகக் கொள்ளலாம்: மான் வேட்டைக்குக் குறைந்தது 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள, விரியும் குண்டு, 100 கெஜத்தில், அதாவது 91 மீட்டரில், ஏறக்குறைய 1,350 ஜூல் ஆற்றல் மிஞ்சியிருக்க வேண்டும். .243 குண்டில் அந்தத் தூரத்தில் 2,000 ஜூலுக்கு மேல் மிஞ்சுகிறது. கிழக்கு மாநிலக் காடுகளில் மரங்கள் மறைப்பதால் பெரும்பாலான மான்களைச் சுடுவது 100 மீட்டருக்கு உள்ளேதான். நடு வட்டத்தில் படும் 6.5 கிராம், குடலில் படும் 11.7 கிராமைவிட எத்தனையோ மேல்.

எடையைவிட நீளம் முக்கியம்

டிரிகரிலிருந்து அடிக்கட்டையின் பின்முனை வரை உள்ள தூரத்தைப் ‘பிடிநீளம்’ என்று சொல்வோம். பெரியவர்களுக்கான ரைஃபிள்களில் இது 34, 35 சென்டிமீட்டர். நம் சிறுமிக்கு வேண்டியது 30 முதல் 32. மூன்று, நான்கு சென்டிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம்.

கட்டை நீளமாக இருந்தால் அவள் கை முன்னால் எட்டாது; எட்டுவதற்காக முதுகைப் பின்னால் வளைப்பாள். அடிக்கட்டை தோள்குழியில் உட்காராமல் மேற்கையின் எலும்பில் போய் நிற்கும். அங்கே 12 ஜூல்கூட வலிக்கும். ரைஃபிள்மேல் பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் முழுப் படம் தெரிய, கண் அதற்கு 9 சென்டிமீட்டர் அளவு பின்னால் இருக்க வேண்டும். தலையை நீட்டிப் பார்க்கிறவளின் புருவத்தில் ஸ்கோப்பின் விளிம்பு வந்து இடிக்கும். பிறை வடிவத் தழும்போடு திரியும் வேட்டைக்காரர்கள் அங்கே அதிகம்.

அளந்து பார்ப்பது சுலபம். தோட்டா இல்லை என்று இரண்டு முறை சரிபார்த்த ரைஃபிளின் அடிக்கட்டையை, செங்கோணமாக மடக்கிய முழங்கையின் உட்புறத்தில் வைக்கச் சொல்லுங்கள். சுட்டுவிரலின் முதல் மடிப்பு டிரிகரை இயல்பாகத் தொட்டால் நீளம் சரி. இதை வீட்டில் டி-ஷர்ட்டோடு செய்யாமல், நவம்பர் குளிருக்கான தடித்த கோட்டோடும், தூரத்திலிருந்தே ஆளைக் காட்டும் ஆரஞ்சு மேலங்கியோடும் செய்ய வேண்டும். உடையின் தடிமனே இரண்டு சென்டிமீட்டரை விழுங்கிவிடும்.

இளையோருக்கான சில மாதிரிகளில் அடிக்கட்டைக்கும் ரப்பர் பட்டைக்கும் நடுவே கழற்றி மாட்டும் துண்டு ஒன்று வருகிறது. இப்போது கழற்றி வைத்துவிட்டு, பிள்ளை வளர்ந்ததும் சேர்த்துக்கொள்ளலாம். தாத்தாவின் ரைஃபிளுக்குச் சின்ன குண்டும் குறைந்த மருந்தும் உள்ள ‘குறை உதை’ தோட்டாக்கள் கடையில் உண்டு. உதை ஏறக்குறைய பாதியாகும். ஆனால் கட்டை நீளம் அப்படியேதான் இருக்கும் என்பதால், அந்த யோசனை பாதிக் கிணறு.

சத்தம்

முன்நடுக்கத்தின் இன்னொரு பெற்றோர் சத்தம். ரைஃபிள் வெடி 160 டெசிபெல் அளவுக்குப் போகும். 140-ஐத் தாண்டும் வெடிச்சத்தம் ஒரே தடவையில் காதை நிரந்தரமாகக் கெடுக்கலாம். பயிற்சியின்போது பஞ்சடைப்பான், அதற்கு மேல் காதுமூடி என்று இரண்டும் போட்டுச் சுட்டால், பல பிள்ளைகளுக்கு உதையே பாதியானதுபோல் இருக்கும்.

குழலின் முனையில் பக்கவாட்டில் துளையிட்ட தடுப்பியை மாட்டினால் உதையை நிஜமாகவே குறைக்கலாம். மேலே போட்ட கணக்கில் மொத்த உந்தத்தின் மூன்றில் ஒரு பங்கு வாயுவினுடையது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதுதான் தடுப்பியின் வேலை. ஆனால் வாயுவோடு சத்தமும் திரும்பும், சுடுபவர் காதுக்கும் பக்கத்தில் நிற்கும் அப்பாவின் காதுக்கும். வளரும் பிள்ளைக்கு இது வேண்டாம் என்பது என் கட்சி.

எதை வாங்குவது?

இனி எடைக்குத் திரும்பலாம். உதை குறைய ஐந்து கிலோ ரைஃபிள் வாங்கலாமே என்றால், 40 கிலோச் சிறுமியால் அதைத் தூக்கிப் பிடிக்க முடியாது. கை நடுங்கினாலும் குறி தவறும். பென்சில்வேனியா மான் வேட்டை பெரும்பாலும் ஓரிடத்தில் காத்திருந்து சுடுவது, மைல் கணக்கில் நடப்பதல்ல. உட்கார்ந்த இடத்தில் குழலைத் தாங்கக் கவட்டைக்கோலோ கட்டையோ இருந்தால் 3.2, 3.4 கிலோவை அவளால் சமாளிக்க முடியும். 2.8 கிலோ குட்டை ரைஃபிளில் அரைக்கிலோ ஸ்கோப்பைப் பொருத்தினால் அந்த எடை தானாகவே வந்துவிடும்.

ஆக என் தேர்வு: .243, ஸ்கோப்போடு 3.3 கிலோ, பிடிநீளம் 31 சென்டிமீட்டர், முனையில் மெத்தென்ற பட்டை. கொஞ்சம் கனமான குண்டுதான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால் 1980-இல் வந்த 7மிமீ-08. உதை 17 ஜூல் பக்கம், 30-06 கிட்டேயும் வராது. எதை வாங்கினாலும் கோடை முழுக்க .22 ரைஃபிளில்தான் பழக்க வேண்டும். 1887-இலிருந்து இருக்கும் அந்தக் குட்டித் தோட்டாவுக்கு உதை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் அதை மானுக்குப் பயன்படுத்தச் சட்டம் விடாது, பழகுவதற்கு அதைவிட நல்லதும் கிடையாது. பெரிய ரைஃபிளுக்கு மாறிய பிறகும் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தோட்டாவுக்கு மேல் வேண்டாம். தோள் சிவந்த பிறகு சுடும் ஒவ்வொரு தோட்டாவும் முன்நடுக்கத்துக்கான பயிற்சி.

நான்கைந்து வருடத்தில் அவள் வளர்ந்துவிடுவாள். அப்போதும் .243-ஐ மாற்ற வேண்டியதில்லை, அடிக்கட்டையில் அந்தத் துண்டைச் சேர்த்தால் போதும்.